சுட்டு விடையும் ஏவல் விடையும்: பொழுதுபோக்குக் குழுமங்களிற் புதியவர் எழுப்பும் வினாக்கள் பற்றிய ஒரு நோக்கு

1. பிரச்சினையின் தன்மை

ஒத்த ஈடுபாடுடையோர் கூடித் தம் அறிவைப் பரிமாறிக்கொள்ளும் குழுமங்கள் நெடுங்காலமாக இருந்துவருவனவே. மீன் வளர்ப்போர், விண்மீன் நோக்குவோர், வானொலிக் கருவி அமைப்போர், தோட்டஞ் செய்வோர் ஆகியோரின் குழுமங்கள் கடந்த நான்கு தசாப்தங்களிற் கணினி வலையமைப்புக்கு இடம்பெயர்ந்தபோது, ஊர், நாடு என்னும் எல்லைகளைக் கடந்து விரிவுற்றன. அவ்விரிவோடு ஒரு முறைப்பாடும் விரிந்தது. ‘புதிதாக வருவோர் ஒரே கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்கின்றனர்; முன்னர் நூறுமுறை சொல்லப்பட்ட விடையைத் தேடிப் பார்க்கவும் அவர்களுக்கு மனமில்லை’ என்பதே அம்முறைப்பாடாகும்.

மேலோட்டமாக நோக்குவோர்க்கு இஃது அற்ப விடயமாகத் தோன்றலாம். ஆயினும், அறிவு யாருக்கு உரியது, அதனைக் கையளிக்கும் உழைப்பை யார் ஏற்பது, வாயிலில் வந்து நிற்பவர் எவ்வாறு நடத்தப்படவேண்டும் என்னும் சமூகவியல் வினாக்கள் இதனுள் அடங்கிக் கிடக்கின்றன. மீண்டெழும் வினா ஒழிக்கப்படவேண்டிய குறையன்று, உரியவரிடம் ஒப்படைக்கப்படவேண்டிய பணியே அது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதனை விளக்குவதற்கு நம் இலக்கண மரபு வினா, விடை ஆகியவற்றை வகுத்த முறை பெரிதும் துணைபுரிகின்றது.

2. ஒரு வினா ஏன் மீண்டும் எழுகின்றது?

வீட்டில் அலங்கார மீன் வளர்ப்போரிடையே வழங்கும் ஒரு வினாவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஒருவர் புதிதாகக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்குகின்றார். குழாய்நீரை நிரப்பி, மறுநாளே பத்து மீன்களை விடுகின்றார். சில நாட்களில் நீர் கலங்குகின்றது. மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய் பிளக்கின்றன. ஒன்றிரண்டு இறந்தும் போகின்றன. அவர் பதற்றத்துடன் கேட்கிறார்: “தண்ணீர் ஏன் கலங்கியது? என்ன மருந்து போடவேண்டும்?”

இதற்கான விடை அத்துறையிற் பழகியோர் யாவரும் அறிந்ததே. மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா தோன்றுகின்றது. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக மாற்றும். வேறொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். முன்னைய இரண்டும் மீனுக்கு நஞ்சு. கடைசியாகத் தோன்றும் நைத்திரேற்று ஒப்பளவிற் கேடு குறைந்தது. இப்பற்றீரியாக்கள் வடிகட்டியிற் போதியளவு பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை செல்லும். அதற்கு முன்னர் மீனைப் பெருந்தொகையாக விட்டமையே கேட்டுக்குக் காரணமாகும். இதனை அறியாத புதியவர் தொட்டி முழுவதையும் வடிகட்டியுடன் சேர்த்துக் கழுவுவாராயின், தோன்றத் தொடங்கிய பற்றீரியாக்களையும் அழித்துத் தம் இடரை மேலும் நீட்டித்துக்கொள்வார்.

இங்கு மூன்று உண்மைகள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, வினா மீண்டெழுவதற்கான காரணம் கேட்பவரின் சோம்பலன்று. மீன்தொட்டிகள் யாவும் ஒரே இரசாயன விதிக்குட்பட்டுச் செயற்படுவதால், தொடங்குவோர் அனைவரும் ஒரே இடத்தில் இடறுகின்றனர். ஆயிரம் பேர் ஒரே வினாவைக் கேட்பது பாதையில் அவ்விடத்தே ஒரு பள்ளம் உண்டென்பதற்குச் சான்றாகும்.

இரண்டாவது, விடை ‘நைதரசன் வட்டம்’ என்னும் தலைப்பின்கீழ் எழுதப்பட்டிருக்கின்றது. ஆனால், தம் தொட்டியில் நிகழ்வதற்கு அப்பெயர் உண்டென்பது புதியவருக்குத் தெரியாது. பெயரறியாத ஒன்றை எவராலும் தேடமுடியாது. கலங்கிய நீரைக் கண்டவர் கலங்கலைப் பற்றியே கேட்பார். நைதரசனைப் பற்றிக் கேட்கமாட்டார். ‘தேடிப் பார்’ என்னும் அறிவுரை, தேடுவதற்கு வேண்டிய சொல் ஏற்கெனவே கைவசம் உள்ளவருக்கே பயன்படும்.

மூன்றாவது, ஒரே வினாவெனத் தோன்றுவது உண்மையில் ஒரே வினாவன்று. தொட்டியின் கொள்ளளவு, மீன்களின் தொகை, குழாய்நீரிலுள்ள குளோரீன், இடும் உணவின் அளவு ஆகியன ஆளுக்காள் வேறுபடும். ‘எந்தத் தொலைநோக்கியை வாங்கலாம்?’ என்று விண்மீன் நோக்குவோரிடம் கேட்கப்படும் வினாவும் இத்தகையதே. ஐந்நூறு மடங்கு உருப்பெருக்கம் எனப் பெட்டியில் அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டு மயங்குவோர்க்கு, பயன்தரும் உருப்பெருக்கம் வில்லையின் விட்டத்தில் மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ இரு மடங்கே என்றும், 60 மில்லிமீற்றர்க் கருவியில் 120 மடங்குக்கு மேல் எதிர்பார்ப்பது வீண் என்றும் பொதுவாகச் சொல்லலாம். ஆனால் எதனை வாங்குவது என்பதற்கு, அவர் எங்கு வாழ்கின்றார், எதனைக் காண விரும்புகின்றார், எவ்வளவு செலவிட வல்லார் என்பவற்றை அறியாமல் விடை கூற இயலாது.

3. வினாத்தொகுப்பின் தோற்றம்

மீண்டெழும் வினாக்களையும் அவற்றுக்கான விடைகளையும் ஒரே ஆவணமாகத் தொகுத்து வைக்கும் வழக்கம் இன்று எங்கும் காணப்படுகின்றது. இதன் வரலாறு நோக்கற்பாலது. 1980களின் தொடக்கத்தில், ஆர்ப்பாநெற் என்னும் ஆதி வலையமைப்பில் விண்வெளி பற்றி மடல்வழி உரையாடும் குழு ஒன்று இருந்தது. பழைய மடல்கள் சேமித்து வைக்கப்பட்டிருந்தன. புதிதாக வருவோர் அவற்றைப் பெற்று வாசித்த பின்னரே உரையாடலிற் கலந்துகொள்வர் எனவும் கருதப்பட்டது. நடைமுறையில் அவ்வாறு நிகழவில்லை. வந்தவர்கள் நேரடியாகவே கேட்டனர். ஆகவே, நாஸாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த யூஜீன் மியா என்பார், வழமையான வினாக்களுக்கான விடைகளைக் குறித்த கால இடைவெளியிற் குழுவுக்கு அனுப்பிவைக்கும் முறையைப் பரிசோதித்தார்.

1979 இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்களாற் கருக்கொண்டு, 1980 இற் செயற்படத் தொடங்கிய யூஸ்நெற் என்னும் உரையாடல் வலையமைப்பில் இம்முறை பரவி வேரூன்றியது. அங்கு பொழுதுபோக்குகளுக்கெனத் தனிப்பிரிவொன்று அமைந்தது. சமையல், தோட்டம், மிதிவண்டி எனப் பல குழுக்கள் தத்தமக்குரிய வினாத்தொகுப்புகளை உருவாக்கின. அவற்றை மீளமீள வெளியிட்டும் வந்தன. இவற்றை ஆக்கியோர் ஊதியம் எதுவும் பெறவில்லை. பலருடைய விடைகளைத் திரட்டி, திருத்தி, காலத்துக்கேற்பப் புதுக்கிய இவ்வுழைப்பு, கூட்டு அறிவாக்கத்தின் சிறந்ததோர் எடுத்துக்காட்டு எனலாம்.

யூஸ்நெற்றில் ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதம் நெருக்கடி மிக்கதாயிருந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அனுமதிபெற்ற புதிய மாணவர்கள் அப்போதுதான் வலையமைப்பினுள் நுழைந்தனர். ஓரிரு மாதங்களில் அவர்கள் அங்குள்ள ஒழுங்குகளைக் கற்றுக்கொள்ள, அமைதி திரும்பியது. 1993, 1994 ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா ஒன்லைன் போன்ற வணிக நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்க்கு யூஸ்நெற்றைத் திறந்துவிட்டபோது, புதியவரின் வருகை பருவகால நிகழ்வாக இராது இடையறாப் பெருக்காயிற்று. பழையவர்கள் இதனை ‘முடிவுறாச் செப்டெம்பர்’ என்று கசப்புடன் குறிப்பிட்டனர். இச்சொற்றொடரில் ஒரு வர்க்கச் சாயல் மறைந்திருப்பதையும் காணலாம். பல்கலைக்கழகத்தார்க்கும் ஆய்வுகூடத்தார்க்கும் உரியதாயிருந்த இடத்திற் பொதுமக்கள் புகுந்தமையே அங்குப் பேரிடராக உணரப்பட்டது. ஆயினும், அக்கசப்பு முற்றிலும் ஆதாரமற்றது என்று கூறுவதும் நேர்மையாகாது. வருவோர் தொகை பெருகியபோது விடை கூறுவோர் தொகை அவ்விகிதத்திற் பெருகவில்லை. சுமை சிலர் தோள்களிலேயே விழுந்தது.

4. நன்னூலார் வகுத்த விடைகள்

இவ்விடத்துப் பவணந்தி முனிவரின் நன்னூலை நினைவுகூர்தல் பொருத்தமாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்நூல் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் பகுக்கின்றது. அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என்பன வினாக்கள். புதியவரின் வினாவை நாம் இயல்பாகவே அறியாவினா என்று கொண்டுவிடுகின்றோம். ஆயின், அது பெரும்பாலும் ஐயவினாவாகவே உள்ளது. தொட்டி நீரை நாள்தோறும் மாற்றுமாறு கடைக்காரர் கூறியிருப்பார். மாற்றவே வேண்டாம் என்று அயலவர் கூறியிருப்பார். இருவரில் யாரை நம்புவதென்று தெரியாமலே அவர் வந்து நிற்கின்றார். அத்தகையவருக்கு மூன்றாவதாக ஓர் ஆவணத்தை மட்டும் கொடுத்து அனுப்பினால் ஐயம் தீராது; ஐயத்துக்குரிய பொருள்கள் மூன்றாகும்.

விடைகளுள் இரண்டு நம் ஆய்வுக்கு இன்றியமையாதன. ஒன்று சுட்டு, வழி கேட்டவருக்கு ‘இதுவே வழி’ எனக் காட்டுதல். மற்றையது ஏவல், ‘இதனைச் செய்வாயா?’ என்று கேட்டவரிடம் ‘நீயே செய்’ எனல். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் வெளிப்படையான விடைகள். ஏவல் முதலாய ஐந்தும் குறிப்பாற் பொருள் தருவன. ‘நீயே செய்’ என்பதன் குறிப்புப் பொருள் ‘நான் செய்யேன்’ என்பதேயாகும்.

மீன் வளர்ப்பவரின் வினாவுக்கு இவ்விரு விடைகளையும் பொருத்திப் பார்ப்போம். “இது ஆயிரம்முறை கேட்கப்பட்ட கேள்வி. வினாத்தொகுப்பை வாசித்துவிட்டு வாருங்கள்” என்பது ஏவல் விடை. சுட்டு விடையோ பின்வருமாறு அமையும்: “இன்றிரவே தொட்டி நீரில் நாலிலொரு பங்கை அகற்றி, குளோரீன் நீக்கிய நீரை ஊற்றுங்கள். இரண்டு நாளைக்கு உணவு போடவேண்டாம். வடிகட்டியைக் குழாய்நீரிற் கழுவவேண்டாம். நீங்கள் காண்பதற்கு ‘நைதரசன் வட்டம்’ என்று பெயர். வினாத்தொகுப்பின் இரண்டாம் பகுதி இதனை விளக்குகின்றது. வாசித்துவிட்டு, தொட்டியின் அளவையும் மீன்களின் தொகையையும் அறியத் தாருங்கள்.”

இரண்டு விடைகளும் ஒரே ஆவணத்தையே குறிப்பன. ஆனால், பின்னையது உயிர்காக்கும் செயலை முதலிற் கூறுகின்றது. தேடுவதற்கு வேண்டிய பெயரை வழங்குகின்றது. தொகுப்பில் எப்பகுதி என்பதைக் காட்டுகின்றது. மீண்டும் வருமாறு அழைக்கின்றது. இவ்வளவும் ஆறேழு வாக்கியங்களில் நிறைவேறுகின்றன. வினாத்தொகுப்பு தன்னளவில் நன்மையானதோ தீமையானதோ அன்று. சுட்டுவிரலாகப் பயன்படின் வழியாகவும், தள்ளும் கையாகப் பயன்படின் கதவாகவும் அது அமைகின்றது.

5. ஏவலின் விளைவுகள்

கணினித் துறையினரிடையே, ‘கைநூலை வாசி’ என்பதை வசைச்சொல்லொன்றோடு சேர்த்துக் குறிக்கும் ஓர் எழுத்துச் சுருக்கமே நெடுங்காலம் வழங்கியது. 2001 இல் எரிக் ரேமண்ட், ரிக் மோயன் ஆகியோர் வினாக்களை அறிவார்ந்த முறையிற் கேட்பது எவ்வாறு என விளக்கும் நீண்டதொரு வழிகாட்டியை வெளியிட்டனர். கேட்பவர் தாம் முயன்றவற்றைக் கூறவேண்டும், விடையளிப்போர் ஊதியமின்றி உழைப்போர் என்பதை உணரவேண்டும் என்னும் அதன் கூற்றுகள் நியாயமானவையே. ஆயினும், சுமை முழுவதையும் கேட்பவர் மீதே ஏற்றும் மனப்பான்மைக்கு அது பலரிடத்தும் துணைபோயிற்று.

2008 இல் தொடங்கப்பட்ட ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் நிரலாக்க வினாவிடைத் தளம், ஒரே பொருளிலமைந்த வினாக்களை முந்திய வினாவுடன் இணைத்து மூடிவிடும் ஏற்பாட்டைக் கைக்கொண்டது. சமையல், மிதிவண்டி, ஒளிப்படக்கலை ஆகிய பொழுதுபோக்குகளுக்கென அமைந்த அதன் துணைத்தளங்களும் அவ்வழியே சென்றன. இவ்வேற்பாடு பயனுள்ளதொரு கருவூலத்தை உருவாக்கியதென்பதில் ஐயமில்லை. ஆனால், தம் தளம் புதியவர்க்கும் பெண்களுக்கும் நிறவேறுபாட்டாலும் பிறவற்றாலும் ஒதுக்கப்பட்டோர்க்கும் பகைமை மிக்க இடமாகத் தோன்றுகின்றதென 2018 ஏப்பிரிலில் அந்நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

விக்கிப்பீடியாவின் அனுபவமும் இதனையே உணர்த்துகின்றது. புதியவரைக் கடித்துரைக்கலாகாது என்பது அங்கு நெடுங்காலமாகவே எழுதப்பட்ட நெறி. அவ்வாறிருந்தும், ஆங்கில விக்கிப்பீடியாவில் முனைப்புடன் எழுதுவோரின் தொகை 2007 இன் பின்னர் வீழ்ச்சியுற்றது. ஆரன் ஹாஃபேக்கரும் உடனாய்வாளரும் 2013 இல் வெளியிட்ட ஆய்வு, நன்னோக்குடன் வந்த புதியவர்களின் முதன்முயற்சிகள் கட்டுப்பாட்டு விதிகளாலும் தன்னியக்கக் கருவிகளாலும் நிராகரிக்கப்பட்டமையை அவ்வீழ்ச்சிக்குரிய முக்கிய காரணமாகக் காட்டியது. வாயிலிற் காவல் இறுகியபோது உள்ளே ஆள் குறைந்தது.

6. விடை கூறவேண்டியவர் யார்?

இதுவரை கூறியவற்றைக் கொண்டு, அனுபவமிக்கோர் யாவரும் ஆயுள் முழுதும் ஒரே விடையை இன்முகத்துடன் கூறிக்கொண்டிருக்க வேண்டும் என முடிவுசெய்தல் தவறாகும். அது மனித இயல்புக்குப் பொருந்தாதது. ஊதியமற்ற உழைப்பை எல்லையின்றிக் கோருவதுமாகும். சலிப்புற்றவர் கடிந்துரைப்பதிலும் வாளாவிருத்தல் நன்று. இடருக்கான தீர்வு வேறோரிடத்தில் உள்ளது. அதனையும் நன்னூலே காட்டுகின்றது.

நன்னூற் பாயிரத்தின்படி, ஆசிரியர் கூறியதை நன்கு கேட்டுக்கொள்ளும் மாணாக்கர் காற்பங்கு அறிவையே பெறுவர். உடன்பயில்வோருடன் பழகுவதால் இன்னொரு காற்பங்கைப் பெறுவர். எஞ்சிய அரைப்பங்கு, தாம் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே நிரம்பும். இக்கருத்தை நம் பிரச்சினையோடு பொருத்திப் பார்த்தால், புதியவரின் வினா யாருக்கு உரியது என்பது தெளிவாகின்றது. இருபதாண்டு மீன் வளர்த்தவருக்கு அது சுமை. சென்ற ஆண்டு தம் மீன்களை இழந்து, காரணத்தைக் கற்றுக்கொண்டவருக்கோ அரைப்பங்குக் கல்வி. மேலும், புதியவர் எந்தச் சொல்லை அறியார் என்பதை இவரே நன்குணர்வார். தாமும் அச்சொல்லை அறியாதிருந்த காலம் அவர் நினைவிலிருந்து இன்னும் அகலவில்லை. மூத்தோரின் பணி அவ்விடையிற் பிழை நேரும்போது திருத்துவதாகும்.

ஜீன் லேவ், எற்றியன் வெங்கர் ஆகியோர் 1991 இல் வெளியிட்ட நூலொன்றில், தொழிலைப் பயில்வோர் குழுவின் விளிம்பில் உரிமையுடன் பங்குகொண்டு படிப்படியாக நடுவுக்கு நகர்வதே கற்றலாகும் என வாதிட்டனர். இறைச்சிக் கடைகளிற் பொதிசெய்யும் வேலையில் அமர்த்தப்பட்ட பயிலுநர்கள், தேர்ந்தவர்கள் வெட்டுவதைக் காணமுடியாத இடத்தில் நிறுத்தப்பட்டமையாற் கற்கும் வாய்ப்பை இழந்ததை அவர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். புதியவர்களின் வினாக்களுக்கென வாராந்தம் தனியிடம் ஒதுக்கும் குழுமங்கள் இவ்வெச்சரிக்கையைக் கருத்திற் கொள்ளவேண்டும். மூத்தோர் எட்டிப் பார்க்கும் இடமாயின் அது திண்ணை; எவரும் எட்டிப் பாராத இடமாயின் அது கொல்லைப்புறம். விக்கிப்பீடியர்கள் 2012 இல் ‘தேநீரகம்’ என்னும் பெயரிற் புதியவர்க்கென ஓரிடம் அமைத்து, வரவேற்று விடைகூறுவோரையும் அங்கே இருத்தினர். பயிற்சிமுறை வானொலியாளரிடையே, புதியவரொருவரைத் தம் பொறுப்பில் ஏற்றுப் பழக்கும் மூத்தவர் ‘எல்மர்’ என அழைக்கப்படுகின்றார். 1971 இல் அவர்களின் சஞ்சிகையான ‘கியூ.எஸ்.ரி.’யில், பலருக்கு வழிகாட்டிய எல்மர் என்னும் ஒருவரைப் பற்றி எழுதப்பட்டதிலிருந்து இப்பெயர் நிலைத்தது. பணியைச் செய்வோருக்கு மதிப்புள்ள ஒரு பெயர் கிடைத்தபோது, பணியும் மதிப்புப் பெற்றது.

7. தமிழ்ச் சூழலும் இன்றைய நிலையும்

வினாத்தொகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. பெயரறியாமை என்று மேலே குறிப்பிட்ட தடை, தமிழ் மட்டும் அறிந்தவர்க்கு இருமடங்காகின்றது. பொருளின் பெயரும் தெரியாது. அப்பெயர் வழங்கும் மொழியும் தெரியாது. எனவே, ஆங்கிலத்தில் ஆயிரம்முறை விடையிறுக்கப்பட்ட ஒன்று தமிழில் முதன்முறை கேட்கப்படும்போது, அதனை மீண்டெழுந்த வினா எனத் தள்ளுதல் பொருந்தாது. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா தன் பொது உரையாடற் களத்துக்கு ‘ஆலமரத்தடி’ எனப் பெயரிட்டுள்ளமை இங்குக் குறிப்பிடத்தக்கது. ஆலமரத்தடியில் வந்தமர்பவரிடம் முதலிற் படித்துவிட்டு வருமாறு எவரும் சொல்வதில்லை.

2022 நவம்பரிற் சட்ஜிபிடி என்னும் உரையாடற் பொறி வெளிவந்ததன் பின்னர், இப்பிரச்சினை புதியதொரு திருப்பத்தை அடைந்துள்ளது. சலிப்போ கடிதலோ இன்றி, ஒரே வினாவுக்கு எத்தனை முறையும் பொறி விடை தருகின்றது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எழுப்பப்படும் வினாக்களின் தொகை அதன்பின் பெரிதும் குறைந்துவிட்டது. பழையவர்கள் வேண்டியது கிடைத்துவிட்டது எனலாம். ஆயின், இரண்டு விடயங்கள் சிந்தனைக்குரியன. பொறி பயின்றவற்றுள், ஊதியமின்றி ஆயிரக்கணக்கானோர் பல்லாண்டுகளாக எழுதிவைத்த விடைகளும் அடங்கும். கூட்டுழைப்பின் விளைபொருள் தனியார் நிறுவனங்களின் மூலதனமாயிற்று. அடுத்து, வினாவோடு வந்தவர் விடையோடு மட்டும் திரும்பியவரல்லர். அவர்களுட் சிலர் தங்கினர். மறு ஆண்டில் விடை கூறினர். பின்னர் வினாத்தொகுப்பைத் திருத்தினர். அச்சிலராலேயே குழுமங்கள் தலைமுறை கடந்து வாழ்ந்தன. பொறியிடம் கேட்டவர் மீனைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஆயின், அடுத்தவரின் மீனைக் காக்கும் பொறுப்பை ஏற்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டுவதில்லை.

8. முடிவுரை

புதியவரின் வினா பழையவருக்கே பழையது. கேட்பவருக்கு அது முதல் வினா. அதனைத் தொல்லையெனக் கருதிய குழுமங்கள் வாயிலை அடைத்தன. தனியொருவரின் கடமையெனக் கருதியவை அவரைக் களைப்புறச் செய்தன. சென்ற ஆண்டு கேட்டவர் இவ்வாண்டு விடை கூறுமாறு ஒழுங்குசெய்துகொண்ட குழுமத்தில், அதே வினாவே கல்விக்கான வாயிலாகின்றது. வினாத்தொகுப்புகள் எழுதப்படவேண்டும்; புதுக்கப்படவேண்டும்; தமிழிலும் ஆக்கப்படவேண்டும். ஆனால் அவை சுட்டுவதற்கே உரியன, ஏவுவதற்கன்று. கேட்பவர் வருவதை நிறுத்திவிட்ட குழுமத்தில் மீண்டெழும் வினா இராது என்பது உண்மையே. நாளைக்கு விடை கூறுவோரும் அங்கு இரார்.